யார் துவைத்த துணி, யார் தோய்த்த உடுப்பு

மகள் பிறந்த வருடம் எங்கள் தோ பாயோ வீட்டில் ஒரே சலவை இயந்திரத்துக்கு இரண்டு வினைச்சொற்கள் இருந்தன. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்கு அது துணி துவைக்கிற மிஷின். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த மாமிக்கு, அதாவது என் மனைவியின் தாயாருக்கு, அது உடுப்புத் தோய்க்கிற மிசின். அம்மா சோப்பு என்பதை மாமி சவுக்காரம் என்பார். அம்மாவுக்குத் தீட்டு, மாமிக்குத் துடக்கு. இருவரும் சேர்ந்து சொன்ன குறை ஒன்றுதான்.

"வெயிலே படாத துணிய பச்சப் புள்ளைக்கு எப்பிடிடா போடுறது?" என்பார் அம்மா.

"இஞ்சை எங்கை தம்பி வெயில்? உடுப்பெல்லாம் ஒரு மணம் மணக்குது," என்பார் மாமி.

இருவர் சொன்னதும் சரி. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதில் பெரும்பகுதி முன்னறிவிப்பில்லாமல் பிற்பகலில் கொட்டுவது. எங்களுடையது பழைய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக். சமையலறைச் சன்னலுக்கு வெளியே குழாய்த் துளைகள் வரிசையாக இருக்கும். ஈரத்துணியை மூங்கில் கழியில் கோத்து, கழியின் அடியை அந்தத் துளையில் செருகவேண்டும். பன்னிரண்டாம் மாடியில் நின்று, முழுப் பாரத்தையும் கையில் தாங்கிக்கொண்டு, உடம்பைச் சற்று வெளியே சாய்த்துச் செய்யவேண்டிய வேலை இது. கீழ்வீட்டுக்காரரின் காய்ந்த துணிமேல் நம் ஈரம் சொட்டினால் புகார் வரும். 2013 ஜூனில் அண்டை நாட்டிலிருந்து வந்த புகைமூட்டம் காற்றுத் தரக் குறியீட்டில் 401ஐத் தொட்டபோது, காய்ந்த துணியெல்லாம் கரிவாசனை அடித்ததென்று மறுபடி துவைத்த வீடுகள் ஏராளம். இந்த நகரத்தில் துணி காயவைப்பதென்பது அண்டை அயலாரோடும் அண்டை நாட்டோடும் சம்பந்தப்பட்ட காரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரையும் டோபி காட் ரயில் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். நிலையத்தின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று அம்மா கேட்டார். வண்ணாந்துறை என்றேன். அம்மா உடனே தன் ஊர் ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்: படித்துறைக்குக் கிழக்கே வண்ணார்களுக்கென்று ஒரு துறை, பட்டியக்கல், மணலில் விரித்த வேட்டிகள், கழுதை. மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கடை வீட்டுக்குக் கட்டாடியார் வருவார்," என்றார். கட்டாடியார் என்றால் அங்கே வெளுப்பவர்.

அந்த ஒரு வித்தியாசத்தைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு நினைவில் வந்தது ஓர் இடம். மாமிக்கு வந்தது ஓர் ஆள்.

முதலில் நாங்கள் நின்ற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கேனிங் கோட்டைக் குன்றின் ஓரமாக ப்ராஸ் பாசா ஓடை ஓடிக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் வட இந்தியாவிலிருந்தும் சென்னை மாகாணத்திலிருந்தும் வந்த சலவைக்காரர்கள் அதில் துவைத்து, இன்று கேத்தே கட்டடமும் ஒய்எம்சிஏவும் நிற்கும் பக்கத்துப் புல்வெளியில் உலர்த்தினார்கள். வெள்ளைக்காரர் வீடுகளின் துணி, பட்டாளத்துத் துணி. இந்துஸ்தானியில் டோபி என்றால் வெளுப்பவர், காட் என்றால் துறை. ஓடை பிறகு கால்வாயானது, ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் என்று பெயர் மாறியது, பெரும்பகுதி மூடப்பட்டு சாலைக்கு அடியில் போனது. 2010 ஜூன் 16 அன்று அது தாங்காமல் வழிந்து ஆர்ச்சர்ட் ரோட்டின் பெரிய கடைகளுக்குள் புகுந்தபோதுதான் பலருக்கும் அங்கே ஒரு நீர்வழி இருப்பதே தெரிந்தது. வெள்ளத்தைத் தேக்கவும் திருப்பிவிடவும் நிலத்தடித் தொட்டியும் புதுக் கால்வாயும் 2018இல் கட்டி முடிக்கப்பட்டன. மேலே, 1987 டிசம்பரில் திறந்த எம்ஆர்டி நிலையத்தில் இப்போது மூன்று தடங்கள் சந்திக்கின்றன.

இந்தப் பெயர் இங்கே யாரையும் கூசவைப்பதில்லை. மலாயில் டோபி என்றால் வெறுமனே சலவை. மலேசியாவில் காசு போட்டு நாமே துவைத்துக்கொள்ளும் கடைகளின் பலகையில்கூட அந்தச் சொல்தான். சீனர் நடத்தும் சலவைக்கடையும் டோபி, மலாய்க்காரர் கடையும் டோபி. பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் இன்னொரு டோபி காட் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போன சலவைக் குடும்பங்கள் குடியேறிய இடம். தமிழர்கள் அதை வண்ணாந்துறை என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். சாதியைக் குறித்த ஒரு சொல் கடல் கடந்ததும் தொழிலைக் குறிக்கும் சொல்லாகி, பிறகு கடையைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

சென்னைக்கும் இதேபோல ஒரு நிலையம் உண்டு. 2019 பிப்ரவரி 10 அன்று திறந்த மெட்ரோ தடம் வண்ணாரப்பேட்டையில் நிலத்தடியில் போய் நின்றது. அந்தப் பேட்டை கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜவுளி வியாபாரத்துக்காக உண்டானது. தறியிலிருந்து இறங்கும் துணி பழுப்பாக, கஞ்சி விறைப்போடு இருக்கும். அதை வெளுத்து, மினுக்கி, மடித்தால்தான் கப்பலேற்ற முடியும். அந்த வேலைக்கு நூற்றுக்கணக்கான கைகளும், உப்பேறாத தண்ணீரும், விரித்துப்போட வெறும் நிலமும் வேண்டியிருந்தன. வெளுப்பவர்கள் ஒரு வணிகத்தின் நடுக்கண்ணியாக இருந்தார்கள் என்பதை நம் வரலாற்றுப் புத்தகங்கள் போதிய அளவு சொல்வதில்லை. நெய்தவரைச் சொல்கிறோம், விற்றவரைச் சொல்கிறோம், வெளுத்தவரைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

வெளுப்பு லேசான வேலையல்ல. உவர்மண்ணைக் கரைத்துத் தெளித்த நீரில் அழுக்குத் துணியை நனைத்து, பிழிந்து, கொதிக்கும் வெள்ளாவிப் பானையின் வாய்மேல் வட்டமாக அடுக்கி, இரவு முழுக்க ஆவியில் வேகவைப்பார்கள். மண்ணிலுள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும், ஆவி அதை நூலிழைக்குள் இறக்கும். விடிந்ததும் துறைக்கு எடுத்துப்போய்க் கல்லில் அடித்து அலசினால், மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். எந்த வீட்டுத் துணி எது என்பதற்குச் சேராங்கொட்டைச் சாறால் ஓரத்தில் ஒரு குறி. எத்தனை வெள்ளாவி வைத்தாலும் அந்தக் குறி போகாது. படிக்காதவர் என்று ஊர் சொன்ன ஒருவர் இருநூறு முந்நூறு குறிகளை மனத்தில் வைத்திருந்தார் என்று அம்மா இப்போதும் வியப்பார்.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு நீர்த்துறை ஆதாரம். வைகையிலும் காவிரியிலும் பாலாற்றிலும் அவரவர் துறை என்று ஒன்று இருந்தது. ஆறு வற்றியோ கெட்டோ போன நகரங்களில் துறை சிமென்ட்டுத் தொட்டியானது. சென்னை சேத்துப்பட்டிலும் சைதாப்பேட்டையிலும் டோபிகானாக்கள், மும்பை மகாலட்சுமி ரயில் நிலையத்தை ஒட்டி வரிசை வரிசையாகக் கல்தொட்டிகள், கொச்சிக் கோட்டைப் பகுதியில் 1976இல் கட்டிக்கொடுத்த சலவைக்கூடம். அந்தக் கொச்சிக் கூடத்தில் வேலை செய்பவர்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்க அவர்களுடைய முன்னோரைக் கூட்டிவந்தார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிக் காயப்போடுவார்கள், கிளிப் தேவையில்லை. துணிக்காக அந்தக் கயிற்றைத் திரித்தவனின் கைத்திறனை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் மூங்கில் கழிக்கு ஒரு டஜன் பிளாஸ்டிக் கிளிப் வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணத்துக்கு ஆறு இல்லை. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாற்றை விட்டால், சுண்ணாம்புக் கல்லுக்கு அடியிலுள்ள கிணற்றுத் தண்ணீர்தான். குளமும் கேணியும் மழைக்குப் பிறகு சில மாதம். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் சவுக்காரம் லேசில் நுரைக்காது. தண்ணீரைத் துலாவில் இறைக்க ஓர் ஆள், தோய்க்க ஓர் ஆள். ஆகவே பெருந்துறைகள் எழவில்லை. பச்சிலைப்பள்ளியில் வண்ணாங்கேணி என்றொரு ஊர் இருக்கிறது. நகரத்தில் வண்ணார்பண்ணை இருக்கிறது. 1848இல் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அதே வண்ணார்பண்ணைதான். பெயர்கள் தொழிலைச் சொல்கின்றன. ஆனால் யாழ்ப்பாணத்தாரின் ஞாபகத்தில் அந்தத் தொழில் ஓர் இடமாக நிற்பதில்லை, வீட்டு வாசலில் மூட்டையோடு வந்து நிற்கும் ஒரு மனிதராக நிற்கிறது.

மாமி விவரமாகச் சொன்னார். குழந்தை பிறந்தால் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு. அதற்குமுன் பிள்ளைபெற்றவளின் உடுப்பைக் கட்டாடியார் வீட்டுப் பெண்தான் எடுத்துப்போவாள். பெண்பிள்ளை சாமத்தியப்பட்டால் மாற்றுடுப்பு அந்த வீட்டிலிருந்து வரும். கலியாணப் பந்தலில் வெள்ளை கட்டுவது கட்டாடியார். வெளுத்த வேட்டி சேலைகளை மேலே விதானமாகக் கட்டி, கீழே நிலபாவாடை விரிப்பார். செத்த வீட்டிலும் அவரே வெள்ளை கட்டுவார். அவர் கை படாமல் பிறப்பும் இல்லை, சாவும் இல்லை. அவருக்குக் கூலி காசாக இருந்ததில்லை. நெல்லும் சோறும் சடங்குக்குச் சடங்கு ஒரு பங்கும். ஒரு குடும்பத்துக்கு உரிய குடிமகன் என்று அவரைச் சொன்னார்கள்.

இதெல்லாம் தமிழ்நாட்டில் இல்லாததா என்றால், இருந்தது. மாத்து விரிப்பதும் தீட்டுத்துணி எடுப்பதும் களத்தில் நெல் வாங்குவதும் ராத்திரி வீடு வீடாய்ச் சோறெடுப்பதும் எங்கள் ஊரிலும் இருந்தன. ஆனால் அம்மாவின் நினைவில் அவை பின்னால் நிற்கின்றன. பேட்டையும் டோபிகானாவும் லாண்டரியும் வேப்பமரத்தடி இஸ்திரி வண்டியும் முன்னால் வந்து, வெளுப்பை ஊருக்கெல்லாம் பொதுவான காசுத் தொழிலாக்கிவிட்டன. யாழ்ப்பாணத்திலோ நகரத்து லோன்றிகள் வந்த பிறகும் கட்டாடியார் சடங்குக்கு வேண்டியிருந்தார். காசு பாதியை விடுவித்தது, சடங்கு மீதியைப் பிடித்துவைத்துக்கொண்டது என்றே எனக்குப் படுகிறது.

இரண்டு கரையும் அச்சாக ஒன்றுபோல இருக்கும் இடம் ஒன்றுண்டு. அதை எழுதாமல் இந்த ஒப்பீட்டை முடிக்க எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டில் தலித் மக்களுக்கு வெளுத்தவர்கள் புதிரை வண்ணார். யாழ்ப்பாணத்தில் அதே வேலையைச் செய்தவர்கள் துரும்பர். ஒடுக்கப்பட்டவர்களின் அழுக்கை எடுத்ததற்காக அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டவர்கள். தென் தமிழ்நாட்டில் அவர்கள் பகலில் கண்ணில் படக்கூடாது என்று இருந்தது. துரும்பர் இரவில் நடக்கும்போது பனையோலையை இழுத்துச் சத்தமெழுப்பிக்கொண்டு போகவேண்டும் என்று இருந்ததாக யாழ்ப்பாணத்தில் சொல்வார்கள். இமையத்தின் கோவேறு கழுதைகள் 1994இல் வந்தபோதுதான் புதிரை வண்ணார் வாழ்க்கை தமிழ்நாட்டு வாசகருக்குக் கண்ணெதிரே வந்தது. துரும்பருக்கு அப்படி ஒரு நாவலை நான் படித்ததில்லை. இலங்கையில் 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கோயிலிலும் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் தடுப்பதைக் குற்றமாக்கியது. வீட்டுக்குள் யார் எந்தக் கூடையைத் தொடுவது என்பது சட்டத்துக்கு எட்டாத இடம்.

கட்டாடியாரோடு இருந்த அந்தக் கட்டு எப்போது அறுந்தது என்று மாமியிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "தொண்ணூற்றைஞ்சு," என்றார். 1995 அக்டோபர் 30. போரினால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க ஒரே இரவில் வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்கு நடந்த நாள். "அவையும் நாங்களும் ஒரே பள்ளிக்கூடத்து மண்டபத்திலைதான் இருந்தனாங்கள். அவரவர் உடுப்பை அவரவர் தோய்ச்சம். ஒருத்தரையொருத்தர் பார்க்க ஒரு மாதிரி இருந்தது." கட்டாடியார் குடும்பம் பிறகு எங்கே போனதென்று மாமிக்குத் தெரியாது. அவருடைய பெயரைக் கேட்டேன். மாமி வெகுநேரம் நினைத்துப் பார்த்தார், வரவில்லை. என் அம்மாவிடமும் அதையே கேட்டேன். அவருக்குக் கழுதையின் நிறம் நினைவிருந்தது.

பெரியபுராணத்தில் திருக்குறிப்புத் தொண்டர் கதையை இருவருக்கும் நன்றாகத் தெரியும். காஞ்சியில் அடியார்களின் துணியை வெளுத்துக் கொடுத்த ஏகாலியர் அவர். குளிர்காலத்தில் கந்தலோடு ஒரு கிழவர் வருகிறார். பொழுது சாய்வதற்குள் உலர்த்தித் தந்தாகவேண்டும் என்கிறார். துவைத்ததும் மழை பிடித்துக்கொள்கிறது, விடுவதாயில்லை. சொன்ன சொல் தவறியது பொறுக்காமல் அவர் துவைக்கும் கல்லிலேயே தலையை மோதிக்கொள்ளப் போகையில், கல்லிலிருந்து இறைவன் கை எழுந்து தடுக்கிறது. மழையில் காயாத துணிக்காக உயிரை விடத் துணிந்த ஒருவரை அறுபத்துமூவரில் ஒருவராக வைத்துத் தஞ்சாவூரும் யாழ்ப்பாணமும் கும்பிடுகின்றன. கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வாசலில் நின்றவருக்கு எட்டி நின்று சோறு போட்டிருக்கின்றன. எனக்கு இது ஆறவே இல்லை.

இனி என் வீடு. மகள் பிறந்தபோது இலங்கை மலையகத்து ஹட்டன் பக்கத்திலிருந்து ஓர் அக்கா பணிப்பெண்ணாக வந்திருந்தார். முதல் வாரத்திலேயே குளியலறையில் இரண்டு கூடைகள் தோன்றின. ஒன்று பொதுக் கூடை. மற்றது என் மனைவியின் உடுப்பும் குழந்தையின் துணியும். இரண்டாவது கூடையை மிஷினில் போடக்கூடாது என்பதில் அம்மாவும் மாமியும், அதுவரை எதிலும் ஒத்துப்போகாதவர்கள், ஒரே குரலாக இருந்தார்கள். அதைக் கையால் அலசவேண்டும், தனியாகக் காயப்போடவேண்டும். யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. கூடை அக்காவின் அறை வாசலுக்கு நகர்ந்துவிட்டது. நானும் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் ஊர்த் துறையும் மாமியின் ஊர்க் கட்டாடியாரும் பன்னிரண்டாம் மாடியில் ஒன்றாய் வந்து சேர்ந்ததை நான் புரிந்துகொண்டபோது பத்து நாள் போயிருந்தது. பிறகு அந்தக் கூடையை நான் எடுத்துக்கொண்டேன். பத்து நாள் தாமதமாக.

கழியை நீட்டிக் காயப்போட்டதும் அக்காதான். 2012இல் பணிப்பெண்கள் மாடியிலிருந்து விழுந்து இறந்த சம்பவங்கள் அடுக்கடுக்காக நடந்தன. அதன்பின்தான் சன்னலின் வெளிப்பக்கத்தைத் துடைக்கக் கம்பித் தடுப்பு பூட்டியிருக்கவேண்டும், வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே நிற்கவேண்டும் என்று மனிதவள அமைச்சு விதி செய்தது. அதே ஆண்டில் தொடங்கிய புதுப் பணிப்பெண்களுக்கான அறிமுகப் பயிற்சியில் உயரத்தில் பத்திரமாக வேலை செய்வதும் பாடமாகச் சேர்ந்தது. 2013 முதல் வார ஓய்வுநாள். அதைக் காசாக மாற்றிக்கொண்டு வேலை வாங்கும் வழக்கம் தொடர்ந்ததால், 2023 முதல் மாதத்தில் ஒரு நாளையாவது கட்டாயம் விட்டாகவேண்டும் என்று ஆயிற்று. இந்தத் தேதிகளை நான் எழுதிவைப்பதற்குக் காரணம் உண்டு. துறையில் நின்றவருக்கும் வாசலில் நின்றவருக்கும் இப்படி ஒரு தேதிகூட யாரும் எழுதிவைக்கவில்லை.

அக்காவுக்கு டோபி காட்தான் ஞாயிற்றுக்கிழமை இடம். நிலையத்தின் மேலே டோபி காட் கிரீன் என்று ஒரு சிறு புல்வெளி இருக்கிறது; விடுப்புநாளில் வெவ்வேறு நாட்டுப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒருநாள் மகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அந்த வழியாகப் போனபோது அக்கா கூப்பிட்டார். கூட ஒரு பெண், அறந்தாங்கிப் பக்கம். இரண்டு பேரும் டப்பாவிலிருந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சுவாக்கில் இந்த இடத்தின் பெயருக்கு என்ன அர்த்தம் தெரியுமா என்று சொன்னேன். இதே புல்லில்தான் துணி காயப்போட்டார்கள் என்றேன்.

"வண்ணாந்தொற," என்றார் அறந்தாங்கிக்காரர், சோற்றிலிருந்து கண்ணெடுக்காமல். "எங்க ஊர்ல கம்மாக்கரையில இருக்கு."

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க தோட்டத்துலயும் டோபி வீடுன்னு ஒன்னு இருந்துச்சி. ஆனா துவைக்கிறதுன்னா எல்லாரும் பீலிக்குத்தான், தண்ணி விழுற எடத்துக்குத்தான் போவம். மல வேலை விட்டு வந்து லயத்துப் பொம்பளைங்க அம்புட்டுப் பேரும் ஒரே பீலியில நிப்பம். பேசிக்கிட்டே துவைப்பம். பனியில கையி வெறைச்சிப் போயிரும்." புல்வெளியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பாய் பாயாகப் பெண்கள், எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். "இதப் பீலிக்கரைன்னு சொல்லலாம்," என்றார்.

ஈசான மூலையில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டு, "வீட்டுல கழியில துணி கெடக்கா தம்பி?" என்று கேட்டார். கிடந்தது. காலையில் நான் போட்டது. போய் எடுங்கள் என்று கையால் துரத்தினார். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு நிலையத்துக்கு இறங்கினேன். முதல் துளி விழுந்தபோது அவர்கள் இருவரும் பாயைச் சுருட்டாமல், அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.